பழைய வீட்டைச் சீரமைக்கக் கட்டுப்படியாகும் கட்டணத்தில் ஆர்க்கிடெக்ட் கிடைப்பாரா?

கேள்வி (கும்பகோணம்)

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீடு, இருபுறமும் பொதுச்சுவருடன் 16 அடி அகலமும் 90 அடி நீளமும் கொண்டது. திண்ணையும் ரேழியும் நாட்டு ஓடு, கூடம் மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகள்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட தட்டைக் கூரை), கழிப்பறை கொல்லைக் கோடியில். பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்துவிட்டதால், கூடத்தை ஒட்டிய அறையில் குளியலறையுடன் கூடிய கழிப்பறை அமைக்கவும், இருண்டு கிடக்கும் சமையலறைக்கு வெளிச்சம் கொண்டுவரவும், கூடத்துக் கூரையில் உளுத்துப்போன கட்டைகளை மாற்றவும் எண்ணியிருக்கிறோம். கையில் இருப்பது 8 லட்சம் ரூபாய்.

நான் அணுகிய ஆர்க்கிடெக்ட்களில் ஒருவர் இவ்வளவு சிறிய வேலையை எடுப்பதில்லை என்றார். இன்னொருவர் மொத்தச் செலவில் 12 சதவீதம் கேட்டார். கொத்தனாரோ, "இதுக்கெல்லாம் எதுக்கு சார் பிளானு, நான் பாத்துக்கறேன்" என்கிறார். நாணயமானவர்தான், ஆனால் கழிவுக் குழாய் எந்த வழியாகப் போகும் என்று கேட்டால், வாசலை நோக்கிக் கையை நீட்டி "இப்படியே போயிடும்" என்பதோடு சரி. குறைந்த கட்டணத்தில் ஆர்க்கிடெக்டைத் தேடுவது எப்படி? அல்லது சிவில் இன்ஜினியர் ஒருவரே போதுமா?

மறுமொழி (ஸ்ரீரங்கம்)

இதே அமைப்புள்ள வீட்டைச் சீரமைத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 8 லட்சத்தில் 12 சதவீதம் என்றால் 96,000 ரூபாய். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் அதன்மேல் 18 சதவீத வரியும் சேரும். சிறிய வேலைக்குச் சதவீதக் கணக்கே பொருந்தாது. வேலையைப் பிரித்துக் கேளுங்கள்: வீட்டை அளந்து வரைபடம் தயாரிப்பதற்கும், குளியலறை, சமையலறை இரண்டுக்கும் மட்டும் அளவு, மட்டம், குழாய், மின்சாரம் குறித்த வரைபடங்கள் தருவதற்கும் ஒரு மொத்தத் தொகை, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பதற்கு ஒரு வருகைக்கு இவ்வளவு என்று தனித்தொகை. இப்படிக் கேட்டால், முழுப் பொறுப்பையும் ஏற்கத் தயங்குபவர்கள்கூடச் சம்மதிப்பதுண்டு.

ஆளைத் தேட விளம்பரங்களை நம்பிப் பயனில்லை. ஆர்க்கிடெக்ட்கள் தங்கள் தொழிலை விளம்பரம் செய்வதை 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதிகள் கட்டுப்படுத்துகின்றன. திருச்சி என்ஐடியின் கட்டடக்கலைத் துறையில் விசாரித்தால், படிப்பை முடித்துத் தஞ்சை, திருச்சி வட்டாரத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கும் இளைஞர்களின் பெயர்கள் கிடைக்கக்கூடும். யாராக இருந்தாலும் சிஏ என்று தொடங்கும் அவரது பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆர்க்கிடெக்ட்களைப் பதிவு செய்யும் அமைப்பான கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் இணையதளத்தில் சரிபாருங்கள். அந்தப் பதிவு இல்லாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்வதற்கு 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்கள் சட்டம் இடம் தரவில்லை.

மறுமொழி (தஞ்சாவூர், ஆர்க்கிடெக்ட்)

சிறிய வேலையை எங்களில் பலர் தவிர்ப்பது கர்வத்தால் அன்று. பழைய வீட்டில் ஒரு மூலைகூட நேர்மூலையாக இருக்காது. அதை அளந்து வரைவதற்கே காலி மனையில் புது வீட்டைத் திட்டமிடும் அளவுக்கு நேரம் பிடிக்கும். மேலே சொன்னபடி மொத்தத் தொகை பேசிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. சதவீதத்தில் பேசினால் செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும், அந்தச் சந்தேகம் உங்கள் மனத்தில் இருந்துகொண்டே இருக்கும். எத்தனை வரைபடங்கள், எத்தனை முறை மாற்றித் தருவார், எத்தனை முறை வருவார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கொத்தனார் "இப்படியே போயிடும்" என்ற குழாய்தான் இதில் முக்கியமான விஷயம். நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு அறுபது அடிக்கு ஓரடி வாட்டம் (சரிவு) என்று வைத்துக்கொண்டால், அந்த அறையிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடை இணைப்பு வரை 45 அடி இருக்குமானால், குழாய் 9 அங்குலம் இறங்க வேண்டும். சாலையை மேல்மேலே போட்டுத் தெரு உயர்ந்திருக்கும் இடங்களில், இணைப்புத் தொட்டியின் ஆழத்தை அளக்காமல் இதற்கு இடம் இருக்கிறதா என்று எவராலும் சொல்ல முடியாது. இடம் இல்லையென்றால் குளியலறையின் தரையை உயர்த்த வேண்டிவரும். முதியவர்களுக்காகக் கட்டும் குளியலறையில் படி வைப்பதைவிட அபத்தம் வேறில்லை. எனவே லெவல் டியூப் (தண்ணீர் நிரப்பிய குழாய்) பிடித்து மட்டம் பார்க்கும் வேலையை முதல் நாளே செய்யச் சொல்லுங்கள். கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும் என்பதையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒருவர் விழுந்து கதவை அடைத்துக்கொண்டால், உட்புறம் திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. தடையில்லாத மூன்றடி வழி இருந்தால் நாளை சக்கர நாற்காலி வந்தாலும் கவலையில்லை.

சதுர அடிக்குச் சில ரூபாய் என்று இணையம் வழியாக வரைந்து தருபவர்களால் உங்களுக்குப் பயன் இல்லை, ஏனெனில் அவர்கள் வீட்டைப் பார்க்கப்போவதே இல்லை. கான்ட்ராக்டர் இலவசமாகத் தரும் பிளானின் விலை அவருடைய எஸ்டிமேட்டுக்குள்ளேயே இருக்கும்.

மறுமொழி (மயிலாடுதுறை)

ஆர்க்கிடெக்ட் பிறகு வரட்டும். முதலில் சுவர், கூரையின் உறுதியைக் கணிக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரை ஒரே ஒரு முறை வந்து பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மெட்ராஸ் டெரஸில் கட்டைகள் பெரும்பாலும் நடுவில் கெடுவதில்லை, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில், ஈரம் பிடித்துக் கெடும். கீழிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும் கட்டையின் முனையில் திருப்புளி சோறு போல இறங்குவதை எங்கள் வீட்டில் பார்த்தேன். ஆகவே நீங்கள் நினைப்பதைவிட அதிகக் கட்டைகள் கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு, 8 லட்சத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடவும் கூடும்.

மேல்தளத்தை இடித்துவிட்டு கான்கிரீட் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். சுவர் மண் சாந்தா சுண்ணாம்புச் சாந்தா என்று பார்க்காமல் அந்தப் பாரத்தை ஏற்றக்கூடாது. பொதுச்சுவர் என்பதால் பக்கத்து வீட்டாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். பூச்சு வேலை, தரை மாற்றுவது போல் அல்லாமல் கூரையை மாற்றுவது கட்டமைப்பு சார்ந்த வேலை என்பதால், அதற்கு அனுமதி தேவையா என்பதை மாநகராட்சி அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. முதலில் இன்ஜினியரின் அறிக்கையை வாங்கிவிட்டு, அதன்பின் எவ்வளவு பணம் மிஞ்சும் என்று பார்த்து, மொத்தத் தொகை அடிப்படையில் ஒரு ஆர்க்கிடெக்டிடம் பேசுவதாக முடிவு செய்திருக்கிறேன். சமையலறை வெளிச்சத்துக்குக் கண்ணாடி ஓடு போதும் என்றால் அதை நாங்களே மாற்றிக்கொள்வோம். வேலையை ஐப்பசிக்குள் முடித்துவிட முடியுமா?

மறுமொழி (தஞ்சாவூர், ஆர்க்கிடெக்ட்)

முடியாது. அளவெடுப்பதையும் வரைபடத்தையும் மழைக்காலத்தில் முடித்துக்கொண்டு, தை பிறந்த பிறகு கூரையில் கை வையுங்கள். கண்ணாடி ஓட்டை முற்றத்துப் பக்கச் சரிவில், அடுப்புக்கு நேர் மேலே வராதபடி போடுங்கள். புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் சீக்கிரமே மங்கிவிடும்.