கலைச்சொல்: 'சிறியது' வேண்டாம், 'மடைமாற்று' வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுத் திரையரங்கின் ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரின் அமைப்புப் பட்டியலில், ஒவ்வொரு ஒலிபெருக்கிக்கும் தேர்ந்தெடுக்க வரும் 'லார்ஜ்', 'ஸ்மால்' இரண்டையும் 'பெரியது', 'சிறியது' என்று வைத்துக்கொள்ளலாம் என முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆங்கிலத்திலேயே அவை பிழையான பெயர்கள். அங்கே கேட்கப்படுவது பெட்டியின் அளவே அன்று. தாழ்ந்த ஒலி அந்த ஒலிபெருக்கியிலேயே தங்குகிறதா, தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப்பெட்டியான சப்வூஃபருக்குத் திருப்பப்படுகிறதா என்பதுதான்.

பெயரை நம்பி நானே ஏமாந்தேன். இடுப்புயர ஒலிபெருக்கிகள், ஆகவே 'பெரியது' என்று தேர்ந்தெடுத்தேன். ஒரு பழைய திரைப்பாடலைச் சத்தமாக வைத்தபோது, பாஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்திக்கு, ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலியை எழுப்பும் வூஃபரின் கூம்பு முன்னும் பின்னும் துடித்தது. பாடகரின் குரலும் சேர்ந்து கரகரத்தது. மூலையிலிருந்த சப்வூஃபர்மீது கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. 'சிறியது' என்று மாற்றி, திருப்பும் எல்லையாக 80 ஹெர்ட்ஸ் கொடுத்த உடனே கூம்பு அடங்கியது, குரல் தெளிந்தது, உள்ளங்கையில் அதிர்வு ஏறியது. அந்தத் தந்தியின் அடிச்சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். அது போக வேண்டிய இடத்துக்கு இப்போதுதான் போனது.

வயலில் மடையை அடைத்து நீரை அடுத்த பாத்திக்குத் திருப்புகிறோமே, அதே வேலைதான் இது. ஆகவே 'ஸ்மால்' என்பதற்கு 'மடைமாற்று', 'லார்ஜ்' என்பதற்கு 'முழுவீச்சு', திருப்பும் எல்லைக்கு 'மடை அதிர்வெண்' என்று முன்மொழிகிறேன். அந்த எல்லையை ஆங்கிலத்தில் 'கிராஸ்ஓவர்' என்பதை அப்படியே பெயர்த்து 'குறுக்கு அதிர்வெண்' என்றால் எது எதன் குறுக்கே வருகிறது என்பதே விளங்காது. 'பிரிப்பு அதிர்வெண்' நல்ல சொல்தான். ஆனால் அதை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் வூஃபருக்கும், உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கும் ஒலியைப் பங்கிடும் சுற்றுக்கு விட்டுவைப்போம்.

செய்தித்தாள்களில் 'மடைமாற்றுதல்' என்றால் கவனத்தைத் திசைதிருப்புவது என்று ஒருவர் மறுக்கக்கூடும். அந்தப் பொருளும் வாய்க்காலிலிருந்து வந்ததுதான். வேரை அறிந்தவருக்கு இரண்டும் விளங்கும்.

தாழ்ந்த ஒலியைக் குறிக்கும் 'பாஸ்' (bass) என்பதையும் விட்டுவிட வேண்டும். தமிழில் எழுதினால் தேர்வில் தேறியதா, நுழைவுச்சீட்டா, தாழ்ந்த ஒலியா என்று படிப்பவர் திகைப்பார். பழந்தமிழ் இசையில் கீழ்த்தாயிக்கு, அதாவது தாழ்ந்த சுர வரிசைக்கு, 'மெலிவு' என்று பெயர் இருக்கிறது. ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் சுவரை அதிரவைக்கும் ஒலியை 'மெலிவு' என்றால் இன்றைய வாசகர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். 'அடியொலி' போதும். தாழ்ந்த ஒலியைத் திருப்பும் இந்த ஏற்பாட்டுக்கான 'பாஸ் மேனேஜ்மென்ட்' என்பது 'அடியொலி மடைமாற்றம்' ஆகட்டும்.

விளக்கக் குறிப்பில் ஒன்று விடுபடக் கூடாது. 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4 மீட்டருக்கும் மேல். அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் எளிதில் சொல்ல முடியாது. அதனால்தான் அடியொலியை மூலையிலுள்ள ஒரே பெட்டிக்குத் திருப்பினாலும் கேட்பவருக்கு உறுத்துவதில்லை. திரையரங்க ஒலிக்கான டிஎச்எக்ஸ் (THX) தரமும் அந்த எண்ணையே பரிந்துரைக்கிறது.

சில ரிசீவர்களில் அடியொலியை முழுவீச்சு ஒலிபெருக்கிக்கும் சப்வூஃபருக்கும் ஒருசேர அனுப்பும் மூன்றாவது தேர்வும் உண்டு. அதற்கு 'இருமடை' பொருந்துமா? எழுதுங்கள்.