ஃபோர்ஸ் என்னும் ஆற்றலுக்கு அறிவியல் விளக்கம் தேவையா?

கேள்வி:
அறிவியல் புனைகதையில் வரும் அமானுஷ்ய ஆற்றலுக்கு அறிவியல் விளக்கம் தர வேண்டுமா? 1977இல் வெளிவந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், உயிர்கள் அனைத்தும் சேர்ந்து உருவாக்கும் ஆற்றல் புலமே ஃபோர்ஸ் என்று முதியவர் ஓபி-வான் சொல்வதோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. 1999ஆம் ஆண்டுப் படத்திலோ சிறுவன் அனகினின் இரத்தத்தைச் சோதித்து, ஒருவரை ஃபோர்ஸோடு இணைக்கும் மிடிகுளோரியன் என்னும் நுண்ணுயிரிகளின் அளவு 20,000க்கும் மேல் என்கிறார்கள். அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கிருந்த வியப்பு வடிந்துவிட்டது.

மறுமொழி:
விளக்க முயன்றது பிழையன்று. எதையும் விளக்காமல் விட்டதே பிழை. உயிரணுவுக்குள் கூடி வாழும் அந்த உயிரி, நம் உயிரணுக்களுக்கு ஆற்றல் தரும் உள்ளுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவை நினைவூட்டுகிறது என்பது உண்மைதான். ஆயினும், ஒரு பாறையைத் தொடாமல் தூக்குவது எப்படி என்பதற்கு அது விடை தருவதில்லை. யாரிடம் ஆற்றல் மிகுதி என்பதை மட்டுமே சொல்கிறது. பயிற்சியாலும் மன அடக்கத்தாலும் கைகூடுவதாக நாம் நம்பியிருந்த ஒன்று, பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டதாகிவிட்டது.

மறுமொழி:
பிறப்புவழி என்னும் கருத்து அப்போது புதிதாக நுழைந்ததன்று. 1983ஆம் ஆண்டுப் படத்திலேயே, தங்கள் குடும்பத்தில் ஃபோர்ஸ் வலிமையாக இருப்பதாக நாயகன் லூக் தன் சகோதரி லேயாவிடம் சொல்கிறான்.

மறுமொழி:
ஃபிராங்க் ஹெர்பர்ட் 1965இல் எழுதிய டியூன் நாவலை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மெலாஞ்ச் என்னும் பொருளை உட்கொள்வோருக்கு வருங்காலம் புலப்படும் என்கிறார் ஆசிரியர். அது மூளையில் எவ்வாறு செயல்படுகிறது என்று அவர் விரித்துரைப்பதில்லை. மாறாக, அப்பொருள் அராக்கிஸ் என்ற ஒரே கோளில்தான் கிடைக்கும், அதற்கு அடிமையானவர் அதை நிறுத்தினால் உயிர் தங்காது, விண்கலங்களைச் செலுத்துவோர் அதையே நம்பியிருப்பதால் பேரரசின் அரசியல் முழுவதும் அதைச் சுற்றியே சுழல்கிறது என்று ஆற்றலின் விலையையும் எல்லையையும் துல்லியமாக வகுத்துவிடுகிறார். நாயகன் பாலின் முன்காட்சியிலும் அவனுக்குத் தெரியாத இடங்கள் இருக்கின்றன. அதனால்தான் அவனுக்காக நம்மால் அஞ்ச முடிகிறது. வாசகனாக நான் கேட்பதும் இந்த விளக்கத்தைத்தான்.

மறுமொழி:
இதை முழுமையாக ஏற்கிறேன். டியூக் பல்கலைக்கழகத்தின் ஜே. பி. ரைன், சீட்டுகளை ஊகிக்கச் செய்த சோதனைகளை வைத்துத் தொலையுணர்வு உண்மையே என்று 1934இல் ஒரு நூல் வெளியிட்டார். அறிவியல் புனைகதை இதழாசிரியர் ஜான் கேம்பெல் அதில் ஆர்வம் கொண்டு அத்தகைய மன ஆற்றல் கதைகளை ஊக்குவித்தார். பிறர் செய்து பார்த்தபோது அந்த முடிவுகள் உறுதிப்படவில்லை. எனவே ஆய்வகச் சான்றை மட்டுமே தூணாகக் கொண்ட கதைகள் இன்று நம்பும்படியாக இல்லை.