கேட் வெல்டிங்: கம்பி ஒட்டுது, ஆம்ப் ஏத்தினா ஹோலோ ஓட்டையாகுது

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்)
அண்ணன்மாரே, வீட்டு கேட்டுக்கு ஜிஐ ஹோலோ (துத்தநாகம் பூசின, உள்ளே காலியான இரும்புக் குழாய்), சுவர் 1.6 மிமீ. 160 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின், 6013 ரக வெல்டிங் கம்பி 2.6 மிமீ. 70 ஆம்ப்ல கம்பி ஒட்டிக்குது, 85ல ஹோலோ ஓட்டையாகுது. ஒட்டு மேல ஊசி குத்தின மாதிரி துளைகள். கரண்ட் 30 மீட்டர் வயர் ரீல்ல இருந்து வருது. கம்பி பாக்கெட் பிரிச்சு ரெண்டு மாசம். எதை முதல்ல பார்க்கணும்?

பிறை ஃபேப்ரிகேட்டர்
முதல்ல ரீல். 1.5 சதுர மிமீ வயர்னா போக வர 60 மீட்டர், கிட்டத்தட்ட 0.7 ஓம். 20 ஆம்ப் இழுத்தா 14 வோல்ட் வழியிலேயே போயிடும். விலை குறைஞ்ச இன்வெர்ட்டர் அதைத் தாங்காது, ஆர்க் (கம்பி நுனியில எரியற மின்சுடர்) பிடிக்கும்போதே கம்பி ஒட்டிடும். 2.5 சதுர மிமீ வயர் போடுங்க. ரீலை முழுசா அவிழ்த்து விடுங்க, சுருட்டி வச்சே இழுத்தா உள்ளே சூடேறி உறை உருகும். எர்த் கிளாம்ப் (மெஷின் வயரை இரும்புல கவ்வுற கிளிப்) பெயிண்ட் மேல கடிக்கக் கூடாது, தேய்ச்ச இரும்பு மேலதான்.

ஜெலுத்தோங் வெல்டர்
அந்தத் துளைகள் பெரும்பாலும் துத்தநாகத்தோட வேலை தம்பி. அது 907 டிகிரியில கொதிக்கும், இரும்பு உருக 1500 வேணும். இரும்பு உருகறதுக்கு முன்னாடியே துத்தநாகம் ஆவியாகி, உருகின குளத்துக்குள்ள இருந்து குமிழி விட்டு வெளியேறுது. ஒட்டுற இடத்துல ரெண்டு பக்கமும் 25 மிமீ கிரைண்டரால தேய்ச்சு சாம்பல் பூச்சை எடுத்துடுங்க. அந்த வெள்ளைப் புகையை சுவாசிச்சா ராத்திரி குளிர் காய்ச்சல் வரும், துணி மாஸ்க் தடுக்காது. காத்து வர்ற பக்கம் நில்லுங்க, ஃபியூம் ஃபில்டர் மாஸ்க் போடுங்க. முடிஞ்சதும் ஜிங்க் பெயிண்ட், இல்லேன்னா நம்ம மழைக்கு ஒட்டு முதல்ல துருப்பிடிக்கும்.

கம்பி ஈரமும் காரணமா இருக்கலாம். 6013ஐ 100 டிகிரியில ஒரு மணி நேரம் காய வைங்க. 7018ங்கிற வேற ரகக் கம்பியைச் சுடற மாதிரி 350க்குப் போனா மேல்பூச்சு கெட்டுடும். சமையல் ஓவன் வேண்டாம்.

பிறை ஃபேப்ரிகேட்டர்
1.6க்கு 2.6 கம்பி பெருசு. 2.0 மிமீ, 45லிருந்து 55 ஆம்ப், கம்பியை மெஷினோட மைனஸ் முனையில போடுங்க, சூடு ஹோலோவுல கம்மியா இறங்கும். ஆர்க் நீளம் கம்பியோட உள்கம்பி தடிமன் அளவுதான். நல்ல ஆர்க் எண்ணெயில அப்பளம் பொரியற மாதிரி சீரா சத்தம் போடும். நீட்டினா சத்தம் உறுமலாகி காத்து உள்ளே வரும், துளை விழும். நாலு மூலையையும் டேக் (சின்னப் புள்ளி ஒட்டு) போட்டு, 25 மிமீ 25 மிமீயா எதிரெதிர் பக்கம் மாத்தி மாத்தி ஒட்டுங்க, ஃபிரேம் முறுக்காது.

கேள்வி கேட்டவர்
நன்றிண்ணே. நிமிர்ந்த மூலையில மேலிருந்து கீழேயா?

ஜெலுத்தோங் வெல்டர்
ஆமா, இந்தத் தடிமனுக்குக் கீழ்நோக்கித்தான். கையை வேகமா இறக்குங்க. ஸ்லாக் (மேல்பூச்சு உருகி வர்ற கசடு) ஆர்க்கை முந்தினா உள்ளே மாட்டிக்கும், அப்போ 5 ஆம்ப் ஏத்துங்க. வெல்டிங் முகக்கவசத்துக்குக் கறுப்புக் கண்ணாடி 10ஆம் நம்பர். டேக் போடும்போதும் அந்த முகக்கவசம் இறங்கியே இருக்கணும், கண் எரிச்சல் சில மணி நேரம் கழிச்சுத்தான் தெரியும்.