பிள்ளையின் மண்டையோட்டில் ஓட்டை, மூளையுறையிலும் தடிப்பு: வெட்டி எடுத்தால் போதுமா?

யீஷூன்வாசி:
அக்கா மகனுக்கு ஆறு வயது. நெற்றிக்கு மேலே மெத்தென்று ஒரு புடைப்பு, சில வாரமாக வளர்கிறது, தொட்டால் வலி. சிடி ஸ்கேனில் எலும்பு அரித்து ஓட்டை, கீழே உறையும் தடிப்பு என்கிறார்கள். புற்றுநோயா? எலும்போடு வெட்டி எடுத்துவிட்டால் முடிந்துவிடாதா?

படம்பார்ப்பவர்:
இந்த வயதுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது எல்சிஎச், அதாவது லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ்; ஒருவகை நோயெதிர்ப்பு அணுக்கள் அளவுமீறிச் சேர்ந்து எலும்பை அரிக்கும் நோய். ஓட்டையின் ஓரம் சாய்வாக இருக்கிறதா என்று கேளுங்கள். வெளித்தகடும் உள்தகடும் சமமாக அரிபடாததால் அப்படித் தெரியும். டெர்மாய்டு (தோல் திசு உள்ளே சிக்கி உருவாகும் பிறவிக் கட்டி) என்றால் ஓரம் கெட்டித்து வெள்ளையாக இருக்கும், பொதுவாக வலிக்காது, பெரும்பாலும் கைக்குழந்தையிலிருந்தே இருக்கும். உறைத் தடிப்பை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். எல்சிஎச்சில் பக்கத்து உறையும் அழற்சியால் தடிக்கும். மருந்து ஏற்றிய எம்ஆர்ஐ அவசியம்.

படுத்தாலோ அழுதாலோ புடைத்து, உட்கார்ந்ததும் வடிந்துவிடுகிறதா? அப்படியென்றால் உள்ளிருக்கும் சிரைக்குழாயோடு தொடர்பு இருக்கலாம். யாரையும் ஊசி குத்த விடக்கூடாது.

செல்வி_சிறார்பிரிவு:
பெரிதாக வெட்டத் தேவையில்லை. திசு எடுத்து உள்ளே சுரண்டிவிட்டாலே போதும், பிள்ளைகளுக்கு எலும்பு பெரும்பாலும் மீண்டும் வளரும். வழக்கமாக நடக்கும் கோளாறு: திசு முழுவதையும் ஃபார்மலினில் (பதப்படுத்தும் திரவம், கிருமிகளைக் கொன்றுவிடும்) போட்டுவிடுவது. கிருமிச் சோதனைக்கு ஒரு துண்டைத் தனியாக வைக்கச் சொல்லுங்கள். எல்சிஎச்சைக் காட்டிக்கொடுக்கும் சிடி1ஏ, லாங்கரின் சாயச் சோதனைகளோடு பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றமும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பாதிப் பிள்ளைகளுக்கு அது இருக்கும்.

எல்சிஎச் என்று உறுதியானால், வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க உடல் முழுக்க எலும்புப் படம், ரத்த அணுக்கள், கல்லீரல் சோதனை, வயிற்று ஸ்கேன். ஓர் எலும்போடு நின்றால் பெரும்பாலும் கண்காணிப்புதான். கண்குழி, காதுக்குப் பின்புற எலும்பு, மண்டையின் அடிப்பகுதி என்றால் கதை வேறு: வின்பிளாஸ்டின் என்ற கீமோ மருந்து உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 6 மி.கி., வாரம் ஒருமுறை, ஆறு வாரம்; பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் சதுர மீட்டருக்கு 40 மி.கி., நான்கு வாரம், பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். தொடர் சிகிச்சையோடு மொத்தம் ஒரு வருடம்.

புற்றுநோய்ப் பிரிவில்தான் பார்ப்பார்கள், பிரிவின் பெயர்ப் பலகையைப் பார்த்து அக்கா கலங்க வேண்டாம். சிங்கப்பூரில் கேகே, என்யூஎச் மருத்துவமனைகள் இரண்டிலும் சிறார் நரம்பறுவைப் பிரிவு உண்டு. பலதுறை மருந்தகத்தின் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதத்தோடு போனால் மானியக் கட்டணம்.

யீஷூன்வாசி:
நன்றி. இப்போது ராத்திரியில் எழுந்து எழுந்து தண்ணீர் கேட்கிறானாம். சம்பந்தம் உண்டா?

செல்வி_சிறார்பிரிவு:
இருக்கலாம், நாளைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்சிஎச்சால் பிட்யூட்டரி (மூளையின் அடியிலுள்ள ஹார்மோன் சுரப்பி) பாதிக்கப்பட்டால் சிறுநீர் அடர்த்தி குறைந்து கொட்டிக்கொண்டே இருக்கும். காலை முதல் சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி (அடர்த்தி அளவு), ரத்த சோடியம், சர்க்கரை மூன்றையும் ஒன்றாக எடுக்க வேண்டும். எம்ஆர்ஐயில் பிட்யூட்டரித் தண்டையும் மெல்லிய துண்டுகளாகப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், சோடியம் மளமளவென்று ஏறிவிடும்.