கூட்டாளிகளோடு அரிச்சல்முனை போனால் செலவு சமபங்கா, தின்னது தின்னபடியா?

உச்சிப்புளி கணக்கன் (தொடங்கியவர்)

ஒரு கணக்கை வைக்கிறேன், அடித்துப் பேசுங்கள். ராமநாதபுரத்தில் காலையில் கிளம்பி அரியமான், பாம்பன் பாலம், பேக்கரும்பு கலாம் நினைவிடம், தனுஷ்கோடி தாண்டிக் கடைசி முனையான அரிச்சல்முனை, ராத்திரி வீடு. பத்துப் பேர் செட்டு. ரெண்டு பேர் சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, லீவுக்கு வந்தவர்கள், மூணு பேர் மாதச் சம்பளம், நாலு பேர் கடை வேலை, நாள்கூலி, ஒருத்தன் இன்னும் படிக்கிறான். பன்னிரண்டு சீட் வேன், டீசல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து 6,500 என்று வையுங்கள். வாடகை சீசனுக்குச் சீசன் மாறும், இது கணக்குக்குச் சொல்கிற தொகை.

பத்துப் பேருக்குத் தலைக்கு 650. முந்தின ராத்திரி மூணு பேர் "மச்சான் உடம்பு சரியில்ல" என்று கழன்றுகொண்டால் மிச்சம் ஏழு பேருக்கு 929. வேன்காரர் குறைக்கமாட்டார். வராத மூணு பேருக்காக வந்தவன் ஒவ்வொருவனும் 279 கூடக் கட்டுகிறான். பாதிச் சண்டை வண்டி கிளம்பும் முன்பே இங்கே தொடங்கிவிடுகிறது.

மீதிப் பாதி வழியில். கிளம்பும்போது "ஆயிரத்துக்குள்ள முடிச்சுரலாம்" என்பார்கள். அரிச்சல்முனைக் கொட்டகையில் தாராளக்காரன் ஒருத்தன் நண்டு, கணவாய், இறால் என்று ஆர்டர் போடுவான். பில் வந்ததும் "பத்தால வகு" என்பான். என் கட்சி இதுதான்: இதில் யாரும் கஞ்சன் இல்லை. உச்சவரம்பை, யாருக்குக் கையைக் கடிக்குமோ அவனைக் கேட்டுக் கிளம்பும் முன்பே முடிவு செய்யணும். அதற்கு மேல் ஆவது ஆர்டர் போட்டவன் கணக்கு.

கீழக்கரை சபராளி

மச்சான், கணக்கு சரி, மனுசன் எங்கே? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வாறவனிடம் போய் "நண்டு உன் தனிக் கணக்கு" என்றால் அடுத்த லீவுக்கு அவன் செட்டைத் தேடி வரமாட்டான். இருக்கிறவன் வேனையும் மதியச் சாப்பாட்டையும் போடட்டும். டீ, பஜ்ஜி, இளநீர் மத்தவர்கள். இதுதான் எங்கள் பக்கம் காலாகாலமாக நடக்கிறது.

இன்னொன்று. சாப்பாட்டைக் கீழக்கரையிலேயே சஹன் கணக்கில் சொல்லி ஏற்றிக்கொள்ளுங்கள். சஹன் என்றால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற பெரிய தட்டு, நாலு பேருக்கு ஒன்று. யார் எத்தனை துண்டு எடுத்தான் என்ற பேச்சே எழாது. கொட்டகையில் ஆளுக்கொரு தட்டு வாங்கினால்தான் இந்த வகுத்தல் கணக்கு வருகிறது.

தங்கச்சிமடம் வலைக்காரன்

சபராளி காக்காவுக்கு (அண்ணனுக்கு) ஒரு கேள்வி. நீங்கள் வேன் போட்டால் எங்கே போவது என்று யார் சொல்லுவது? பணம் போட்டவன்தான். "அரியமான் வேணாம், நேரா தனுஷ்கோடி" என்றால் மத்தவன் வாயைத் திறக்கமாட்டான். ஓசியில் போகிறவனுக்கு ஓட்டு கிடையாது.

படகைப் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் எல்லாம் முதலில் கழியும். மிச்சத்தில்தான் படகுக்காரன் பங்கு, ஆட்கள் பங்கு. விகிதம் படகுக்குப் படகு வேற, ஆனால் செலவு கழிக்காமல் பங்கு பேசுகிற படகு கிடையாது. அதே மாதிரி முதலில் பொதுச் செலவு, அப்புறம்தான் மத்தது.

உச்சிப்புளி கணக்கன்

உதாரணம் எனக்குச் சாதகம்தான், ஆனாலும் ஒரு ஓட்டை இருக்கிறது வலைக்காரரே. படகில் பிரிப்பது வரவை. இங்கே பிரிப்பது செலவை. வரவில் பங்கு குறைந்தால் கோபம் முதலாளி மேல் போகும். செலவில் பங்கு கூடினால் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவன் மேல்தான் வரும்.

தொண்டி லாத்தா

ஆம்பிளைகள் பேச்சாகவே போகுது. பெண்கள் செட்டில் சிக்கல் வேற. கையில் இருக்கிற காசு பெரும்பாலும் வீட்டில் கேட்டு வாங்கினது. "எட்டுநூறு ஆகும்" என்று வாங்கி வந்தவள் ஆயிரத்து இருநூறு ஆனதும் திரும்பிப்போய்க் கேட்க முடியாது. கேட்டால் அடுத்த தடவை போக விடமாட்டார்கள். அதனால் முன்னாடி சொல்கிற தொகைதான் முடிவான தொகை. எட்டுநூறு ஆகும் என்று தெரிந்தால் எட்டுநூற்றி எண்பதாகச் சொல்லி வாங்குங்கள், மிஞ்சினதைத் திருப்பிக் கொடுங்கள். திருப்பிக் கொடுத்தால் யாரும் கோவிச்சுக்கிறதில்லை.

செலவை மூணு கவரில் போடுங்கள், நிஜமான கவர்தான், தபால் கவர். முதல் கவர் வண்டி. இது வந்தாலும் வராவிட்டாலும் கட்டணும், திரும்பாது. ரெண்டாவது சாப்பாடு. முந்தின நாள் சாயங்காலத்துக்குள் வரலைன்னு சொன்னால் திருப்பித் தரலாம், அரிசி மீன் அப்புறம்தானே வாங்கப் போகிறோம். மூணாவது இஷ்டம்: படகு, கயாக், ஐஸ்கிரீம், சிப்பி மாலை. அதைப் பொதுவில் சேர்க்கவே கூடாது. காரங்காட்டில் வனத்துறை படகில் அலையாத்திக் காடு பார்க்கப் போனால், தண்ணிக்குப் பயப்படுகிறவள் கரையில் உட்கார்ந்திருப்பாள். அவள் எதுக்கு டிக்கெட் காசைப் பங்கு போடணும்?

அப்புறம், எல்லாரும் ஏன் வேனிலேயே நிற்கிறீர்கள்? ராமேஸ்வரம் வரை பஸ், அங்கிருந்து டவுன் பஸ்ஸில் தனுஷ்கோடி. வேன் பங்கில் பாதிகூட வராது. சாதாரணக் கட்டண டவுன் பஸ் என்றால் 2021 மே மாதத்திலிருந்து எங்களுக்கு டிக்கெட்டே கிடையாது. கடைசி பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளணும், அவ்வளவுதான். சாயங்காலத்துக்கு மேல் அங்கே யாரையும் இருக்க விடமாட்டார்கள், வேனில் போனாலும் இதேதான்.

கீழக்கரை சபராளி

லாத்தா சொன்ன முதல் கவர் நல்ல ஏற்பாடு. ஒத்துக்கிறேன். மூணாவது கவர்தான் உறுத்துது. ஒருத்தன் ஐஸ்கிரீம் வாங்கித் தின்ன, பக்கத்தில் நிற்கிறவன் கடலைப் பார்த்துக்கிட்டு நிற்கணுமா?

தொண்டி லாத்தா

வாங்கிக் கொடுங்க தம்பி, யார் வேணாம்னா? வாங்கிக் கொடுத்ததை ராத்திரி வகுக்காதீங்கன்னுதான் சொல்றேன்.

மீன்கூடை

மீன் விசயத்தில் எல்லாரும் கொட்டகை பில்லையே திட்டுகிறீர்கள். போகிற காலத்தைப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. பள்ளி லீவும் சபர் லீவும் சேர்வது அந்த மே மாசத்தில்தான். நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வரும், வெளியூர்க்காரர்களும் குவிவார்கள், விலை ஏறாமல் என்ன செய்யும்? மே மாசம் போகிற செட்டு மீனை மறந்துவிட்டுக் கோழி பிரியாணியை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம். கிலோ அரிசிக்கு ஏழெட்டுப் பேர் சாப்பிடுவார்கள், பத்துப் பேருக்கு ஒன்றரைக் கிலோ தாராளம்.

மத்த மாசம் என்றால் கிழமை முக்கியம். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போய் மறுநாள் காலை கரைக்கு வரும். ஆக செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில் இறால், நண்டு, கணவாய் வரத்து இருக்கும். ஞாயிறு நமக்குத் தோதான நாள்தான், ஆனால் விடியும் முன்னே போகணும். ஒன்பது மணிக்குப் போனால் நல்லதெல்லாம் ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போயிருக்கும்.

அரியமான் பக்கம் சொந்தமாகச் சமைப்பது என்றால் பத்துப் பேருக்கு வறுவலுக்கு முழு மீன் இரண்டரைக் கிலோ. தலை, குடல், செதில் போனால் ஒன்றரைக் கிலோ போலத் தேறும், விளைமீன், பாறை என்றால் போதும். குழம்புக்கு இன்னொரு ஒன்றரைக் கிலோ. கிலோ மீனுக்குக் கிலோ ஐஸ் என்று தெர்மாகோல் பெட்டியில் அடுக்கணும். கடாயில் முக்கிப் பொரித்தால் ஒன்றரை லிட்டர் எண்ணெய் ஊற்றி முக்கால்வாசியை மண்ணில் கொட்டுவீர்கள். தோசைக்கல்லில் போட்டால் அரை லிட்டர். காத்துக்கு அடுப்பு நிற்காது, மூணு பக்கமும் தகரம் வைக்கணும், இல்லாவிட்டால் சின்ன சிலிண்டர் பாதிச் சமையலில் தீர்ந்துபோய், கடைசியில் அதே கொட்டகைக்குத்தான் போவீர்கள்.

கொட்டகையில் நடக்கிற தப்பு ஒன்றே ஒன்று. விலை கேட்காமல் "பொரிங்கண்ணே" என்பது. மீனைக் கையில் எடுத்துக் காட்டச் சொல்லி, மசாலா தடவும் முன் "இது பொரிச்சு எவ்வளவு" என்று கேட்டுவிட்டால் பேரம் உண்டு. கல்லில் போட்டபின் கிடையாது. கேட்கிறதைச் சிலர் அசிங்கமாக நினைக்கிறார்கள். கடைக்காரர் அப்படி நினைப்பதில்லை.

தங்கச்சிமடம் வலைக்காரன்

சொந்தச் சமையலில் ஒரு செலவை விட்டுவிட்டீர்கள். சமைக்கிறவன் நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறான். மத்தவன் குளிக்கிறான், போட்டோ எடுக்கிறான். காசு மிச்சமானது எல்லாருக்கும், வேலை ஒருத்தனுக்கு. சமைக்கிறவனுக்குச் சாப்பாட்டுக் கவரில் பங்கு கேட்காதீர்கள்.

டயர் பஞ்சர்

வேன் பற்றியே பேசுகிறீர்கள். செட்டில் ஒருவன் கார் கொண்டுவந்தால்? போக வர 160 கிலோமீட்டர், லிட்டருக்கு 16 கொடுக்கிற கார், பத்து லிட்டர், லிட்டர் நூறு என்று வைத்தால் ஆயிரம் ரூபாய். ஐந்து பேர் போனால் எல்லாரும் ஆளுக்கு 200 என்று கார்க்காரனையும் சேர்த்து வகுப்பார்கள். அது அநியாயம். அரிச்சல்முனையில் ரெண்டு பக்கமும் கடல், காத்தில் உப்பும் மணலும் வண்டி அடிவரை ஏறும். மறுநாள் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாவிட்டால் துரு பிடிக்கும். கழுவுகிற காசு, டயர் தேய்மானம், ஆயில் எல்லாம் அவன் தலையில். பெட்ரோலை மத்த நாலு பேரும் ஆளுக்கு 250 போட்டு முடிக்கணும், கார்க்காரன் பெட்ரோலில் சல்லிக்காசு போடக்கூடாது. தனுஷ்கோடியில் பங்க் இல்லை, ராமேஸ்வரத்துக்குள்ளேயே நிரப்பிக்கொண்டு அங்கேயே காசையும் வாங்கிவிடுங்கள்.

தார் ரோட்டை விட்டு மணலில் இறக்கிச் சிக்கவைத்தால் இழுக்கிற செலவு யாருது? "இறக்குடா, ஒண்ணும் ஆகாது" என்று சொன்னவனுது. ஆனால் அந்த நேரம் அப்படிச் சொன்னவன் யாரென்று யாருக்கும் ஞாபகம் வராது. சிக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள், சக்கரம் இன்னும் புதையும். டயரில் பாதிக் காத்தை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தோண்டி, கால்மிதியோ பலகையோ கொடுத்து மெதுவாக எடுங்கள். காத்தைத் திருப்பி அடிக்கும் வரை வேகம் போகக்கூடாது.

கீழக்கரை சபராளி

கார்க்காரன் பெட்ரோல் போடக்கூடாது என்றால் அடுத்த முறை கார் வைத்திருக்கிற ஒவ்வொருத்தனும் "என் காரில் போகலாம்" என்பான்.

டயர் பஞ்சர்

சொல்லட்டுமே. 160 கிலோமீட்டர் ஓட்டவும் செய்வான். பின் சீட்டில் தூங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது வேலையாகத் தெரியாது.

உச்சிப்புளி கணக்கன்

வசூல் பற்றிச் சொல்லிவிடுகிறேன், குழப்பம் அதிகமாவது அங்கேதான். முன்பெல்லாம் செயலியில் பணம் கேட்டு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். தனி ஆளுக்குத் தனி ஆள் அப்படிக் கேட்டு அனுப்பும் யு.பி.ஐ. வசதியை, யு.பி.ஐ.யை நடத்துகிற என்.பி.சி.ஐ. 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டது. இப்போது க்யூஆர் படத்தைக் குழுவில் போட்டு, அனுப்பியவன் பெயருக்கு நேரே டிக் போடுவதுதான் வழி. வேன் பங்கு மூணு நாள் முன்பே வரணும், வராதவன் பெயர் பட்டியலில் இல்லை. இதைக் கறாராகச் சொல்ல ஒருவன் வேணும், அவன் பணக்காரனாகவும் இருக்கக்கூடாது, கடனாளியாகவும் இருக்கக்கூடாது.

அரிச்சல்முனையில் சிக்னல் தள்ளாடும், போனில் பணம் சுற்றிக்கொண்டே நிற்கும். "நீ கொடு, அப்புறம் அனுப்புறேன்" என்ற வார்த்தை பிறக்கிற இடமே அதுதான். பொதுக்காசில் ரெண்டாயிரத்தை நூறும் ஐம்பதுமாக எடுத்துப் போங்கள். பில்லை அப்போதே படம் எடுங்கள், பில் இல்லாத கடையென்றால் தொகையை வாய்ஸ் நோட்டில் சொல்லிவிடுங்கள். திரும்பும்போது பாம்பன் பாலம் தாண்டினதும் கணக்கு, வேனை விட்டு இறங்கும் முன் தீர்வு. மறுநாளைக்கு வைத்தால் ஐம்பது ரூபாய்கூட ஐந்து மாசம் இழுக்கும்.

டாஸ்மாக் செலவு எந்தக் கவரிலும் கிடையாது. குடிக்கிறவன் கணக்கு, குடிக்காதவனின் கூல்டிரிங்ஸ் உட்பட.

தங்கச்சிமடம் வலைக்காரன்

கடைசி வரிக்கு மட்டும் எதிர்ப்பு. கூல்டிரிங்ஸ் எதுக்கு அவன் வாங்கணும்?

உச்சிப்புளி கணக்கன்

தள்ளாடுகிறவனைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றுகிற கூலி.

கீழக்கரை சபராளி

சரி, ஒன்று மட்டும் யாரும் பதில் சொல்லலை. கை கடிக்கிறவனைக் கேட்டு வரம்பு வை என்கிறாய். அவன் பத்துப் பேர் முன்னாடி "எனக்கு அறுநூறுதான் முடியும்" என்று சொல்லுவானா? "எதுனாலும் சரி மச்சான்" என்பான், அப்புறம் முந்தின ராத்திரி உடம்பு சரியில்லாமல் போகும். உன் மூணு பேரும் அப்படிக் கழன்றவர்கள்தான். நான் முழுசாகப் போட்டால் அவன் வந்திருப்பான்.

தொண்டி லாத்தா

குழுவில் கேட்டால் யாரும் சொல்லமாட்டாங்க தம்பி. வசூல் பண்றவங்க ஒவ்வொருத்தரிடமும் தனியாகக் கேட்கணும். கேள்வியும் "எவ்வளவு முடியும்" என்று இருக்கக்கூடாது. "அறுநூறு, எட்டுநூறு, ஆயிரம், எது தோது" என்று கேளுங்கள். வந்ததில் குறைஞ்சதை எடுத்து, யார் சொன்னதுன்னு சொல்லாமல் "இந்தத் தடவை அறுநூறு பிளான்" என்று போட்டுவிடுங்கள். அறுநூறுக்கு வேன் வராது, பஸ்ஸில் போங்கள். நீங்கள் போடணும்னு ஆசைப்பட்டால் வசூல் பண்றவரிடம் ரகசியமாகக் கொடுங்கள், வேன் வாடகை குறைஞ்சு கிடைச்சதுன்னு சொல்லட்டும்.

கீழக்கரை சபராளி

பொய் சொல்லச் சொல்றீங்க.

தொண்டி லாத்தா

ஆமா.

மீன்கூடை

குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை படகில் போகிற திட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: கச்சான் காத்து (தென்மேற்குக் காத்து) வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அந்த டிக்கெட் காசு கையில் மிஞ்சும். அதை உடனே ஆளாளுக்குத் திருப்பிக் கொடுங்கள், "இருக்கட்டும், ராத்திரி பரோட்டாவுக்கு ஆகும்" என்று ஒருவன் ஆரம்பிப்பான், விடாதீர்கள்.

தங்கச்சிமடம் வலைக்காரன்

பரோட்டாவுக்கு ஆனால்தான் என்ன? திருப்பிக் கொடுத்த இருநூறை எல்லாரும் வேற கடையில் தனித்தனியாகச் செலவழிப்பார்கள்.

மீன்கூடை

படகில் ஏறுவதாகவே இல்லாதவன் இருந்தால் அவனுக்கு இருநூறு இல்லையே. பரோட்டாவை யார் காசில் தின்பான்?