நமீபியா மாதிரி ஊர்க் காப்பகம்: நம்ம பக்கம் மயிலுக்கும் மானுக்கும் ஒத்துவருமா?

செவக்காடு:
காரைக்குடிக்கு வடக்கே மானாவாரிக் கடலை. விதைச்ச மறுநாளே மயில் கிளறிடுது, கொடி படர்ந்தா புள்ளிமான் மேயுது. ‘ஆப்பிரிக்காவில் ஊரே விலங்கைக் காத்து வருமானமும் பார்க்குது, கிராம சபையில் நாமும் தீர்மானம் போடுவோம்’னு ஒரு தரப்பு சொல்லுது. அங்கே பணம் யார் கைக்குப் போகுது? மிளகாய்க் கயிறு, தேன்பெட்டி வேலி இங்கே வேலைக்காகுமா? நம்ம வேட்டங்குடிப் பறவைச் சரணாலயமும் அதே மாதிரிதானா?

கண்மாய்க்கரை:
நாட்டுக்கு நாடு வேறண்ணே. நமீபியாவில் 1996இல் சட்டம் திருத்தினார்கள், 1998இல் ஊரே நடத்தும் முதல் 4 காப்பகங்கள் பதிவாயின. இன்று 86, நாட்டின் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிலம் அரசுடையதுதான். ஆனால் எல்லை வரையறை, உறுப்பினர் பட்டியல், குழு, விதிமுறை, வருமானத்தைப் பங்கிடும் திட்டம் எல்லாம் காட்டிப் பதிந்தால், சுற்றுலா விடுதி ஒப்பந்தப் பணமும் வேட்டைக் கட்டணமும் நேரே காப்பகத்தின் கணக்குக்கு வரும்.

ஜிம்பாப்வேயில் இதே நோக்கத்தில் வந்த கேம்ப்ஃபயர் திட்டத்தில் (1989) விலங்கு வருமான உரிமை மாவட்ட மன்றத்திடம் போனது. ஊருக்குக் குறைந்தது 50 விழுக்காடு என்பது வெறும் வழிகாட்டுதல். எனவே நடுவில் பணம் தங்கியது, தாமதமானது.

இரண்டிலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. யானை மிதிப்பது ஒருத்தர் கொல்லையை, வருமானம் வருவது பொதுக் கணக்குக்கு. பொதுப் பணத்தில் ஊருக்கு மோட்டார் போட்டால், சோளம் போனவனுக்கு என்ன மிச்சம்? நமீபியாவில் இழப்பீட்டுக்கு நிபந்தனையும் உண்டு: மாட்டை இரவில் பட்டியில் அடைக்காமல் விட்டு சிங்கம் அடித்தால் பணம் கிடையாது.

வேட்டங்குடியில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காக வெடி வெடிக்காமல் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் அது 1977 முதல் வனத்துறைச் சரணாலயம். ஊருக்கு அங்கே வருமான உரிமை கிடையாது.

வளவு வாசல்:
வேலி பற்றி மட்டும் சொல்கிறேன். மிளகாய்க் கயிறு யானைக்கானது. கம்பு நட்டு, சணல் கயிறு கட்டி, இடையிடையே துணி தொங்கவிட்டு, கழிவு ஆயிலில் காய்ந்த மிளகாய்த்தூளைக் குழைத்துக் கயிற்றிலும் துணியிலும் பூசுவார்கள். மழை பெய்தால் கழுவிப் போய்விடும், திரும்பப் பூச வேண்டும். பெரும்பாலும் தோற்பது அந்த இரண்டாம் பூச்சைச் சோம்பலில் விடுவதால்தான். மயிலுக்கு இது வீண். பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதே அவைதான்.

தேன்பெட்டி வேலி கென்யாவில் சாவோ தேசியப் பூங்கா பக்கம் பரவலானது. 10 மீட்டருக்கு ஒரு பெட்டியைக் கம்பியில் கோத்துத் தொங்கவிடுவார்கள். யானை கம்பியைத் தள்ளினால் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும். செலவைக் குறைக்க ஒன்றுவிட்டு ஒன்று பலகையால் போலிப் பெட்டி. வறட்சியில் கூட்டம் பெட்டியை விட்டுப் போய்விடும். பிறகு அது வெறும் கம்பிதான். மயில் பறந்து தாண்டும். புள்ளிமான் கம்பியை உலுக்காமல் துள்ளிப் போய்விடும்.

செவக்காடு:
அப்போ மயிலுக்கு என்னதான் வழி ஆச்சி?

வளவு வாசல்:
முளைத்து நிமிரும் வரை காவல்தான் தம்பி; விடியலிலும் பொழுது சாயும்போதும். தனித்தனியாக விதைக்காமல் பக்கத்துக் கொல்லைகளோடு ஒரே வாரத்தில் விதைத்தால் சேதம் பிரியும், காவலும் முறை வைக்கலாம். மினுக்கு ரிப்பன் கொஞ்ச நாள் மிரட்டும், பிறகு அதன்மேலேயே உட்காரும். விஷம் கலந்த விதை மட்டும் வேண்டாம். மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது; கொன்றால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை.

மூன்றாம் கட்டு:
தீர்மானம் எழுதும் முன் நிலத்தின் வகையைப் பாருங்கள். வனவிலங்குச் சட்டம் 36சி பிரிவில் சமுதாயக் காப்பகம் என்று ஒன்று உண்டு, 2002 திருத்தத்தில் வந்தது. தனியார் நிலத்துக்கும் ஊர்ப் பொது நிலத்துக்கும்தான். அரசுக் கண்மாய் அதில் வராது; அதற்கு 36ஏ என்று வேறு பிரிவு. அறிவித்த பிறகு நிலப் பயன்பாட்டை மாற்றக் காப்பக நிர்வாகக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். பட்டாக்காரர்களிடம் இதை மறைத்துக் கையெழுத்து வாங்கினால் பிறகு சண்டைதான். வேட்டைக் கட்டண வருமானத்துக்கும் இங்கே வழியில்லை.

பக்கத்தில் அரிட்டாபட்டியை 2022இல் அறிவித்தது வேறு சட்டத்தில், பல்லுயிர் மரபுத் தலமாக. இரண்டையும் குழப்பாதீர்கள்.

நமீபியாவில் இருந்து எடுப்பதானால் அவர்களின் நிகழ்வுப் பதிவேட்டு முறையை எடுங்கள். காப்பகக் காவலரிடம் சின்னச் சின்ன நோட்டுகள் இருக்கும்: பயிர்ச் சேதத்துக்கு ஒன்று, திருட்டு வேட்டைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று. மாதக் கடைசியில் ஒரு நிகழ்வுக்கு ஒரு கட்டம் என்று சுவர்த்தாளில் நிரப்புவார்கள். எழுதப் படிக்கத் தடுமாறுகிறவருக்கும் எந்த மாதம் உயரம் என்று தெரியும். நாம் எழுத வேண்டியவை: தேதி, சர்வே எண், பயிர், விலங்கு, சேதமான சென்ட் அளவு. ஒரு சாகுபடிக்கு இதைப் பதிந்து மனுவோடு கொடுத்தால், இழப்பீடு கேட்கும்போது ‘ஆதாரம் எங்கே’ என்று திருப்பி அனுப்ப முடியாது.