மிதவை விமான மாடல் கட்டியவர்களே, மனதை விட்டுப் போகாத அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லுங்கள்

நீர்க்காகம்

ஆராடோ 196 ஏ-3, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் மிதவை விமானம். ரெவெல் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கிட், 1/32 (நிஜத்தில் 32இல் ஒரு பங்கு). காக்பிட், எஞ்சின் பற்றியெல்லாம் பிறகு எழுதுகிறேன். இப்போது மிதவை மட்டும்.

ஸ்ட்ரட்களை (மிதவையை விமானத்தோடு இணைக்கும் கால்களை) ஒட்டி, ராத்திரி பதினொரு மணிக்குக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்கப் போட்டு அதன்மேல் நிமிர்த்தி வைத்தேன். முன்னால் குனிந்து பார்த்தால், மேலே இருக்கும் இறக்கையும் கண்ணாடிக்குள் தெரியும் இறக்கையும் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் விலகி நின்றன. ஸ்கேல் வைத்தேன். இரண்டு நுனிக்கும் 6 மி.மீ. வித்தியாசம். 39 செ.மீ. இறக்கைக்கு அது கண்ணை உறுத்தும்.

அரை மணி நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் சின்ன ரம்பத்தை எடுத்து இடது மிதவையின் ஸ்ட்ரட்களை அறுத்தேன். கடைசி ஸ்ட்ரட் அறுபடும் முன்பே 'டக்' என்று உடைந்தது. அடுத்த அறையிலிருந்து அம்மா, "என்னடா உடைஞ்சது?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நேராகத்தான் நிற்கிறது. ஆனால் அந்தச் சத்தம் காதிலேயே இருக்கிறது.

பச்சை_73

தம்பி, என் கதை சின்னது. அதே ஆராடோ, இட்டலேரி நிறுவனத்தின் 1/48 கிட். மேல்பக்கம் ஆர்எல்எம் (ஜெர்மன் விமான அமைச்சகத்தின் வண்ண எண்) 72, 73 என்று இரண்டு பச்சை. உடைந்த கண்ணாடித் துண்டுகள் போன்ற அந்தக் கோணல் வடிவங்களுக்கு இரண்டு ராத்திரி டேப் ஒட்டினேன். டேப்பை உரித்ததும் வீட்டுக்காரி வந்து பார்த்து, "எங்க ரெண்டு கலர்?" என்றாள். டியூப்லைட் வெளிச்சத்தில் எனக்கும் தெரியவில்லை. ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் தெரிந்தது. அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சூப்பர் குளூ போட்டிருப்பீர்கள், அதுதான் தப்பு. மிதவைக்கு எப்போதும் மெதுவாகப் பிடிக்கும் பசைதான். ஒட்டி முடித்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் அசைத்துச் சரிசெய்யலாம். அதோடு கவிழ்த்து வைத்துக் காயவிடக் கூடாது. தெர்மாகோல் பலகையில் இரண்டு மிதவைக்கும் இணையாகப் பள்ளம் வெட்டுங்கள். அட்டையில் முன்பக்கத் தோற்றத்தை அளவாக வரைந்து வெட்டி, இறக்கைக்குக் கீழே இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். முதலில் ஒரு மிதவையின் ஸ்ட்ரட்களை மட்டும் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் அடுத்தது. நுனிக்கு நுனி அளப்பதோடு நிறுத்தாமல், மேலிருந்து பார்த்து மிதவைகளின் மூக்குக்கு நடுவே உள்ள தூரமும் பின்பக்கத் தூரமும் ஒன்றா என்று நூல் பிடித்துப் பாருங்கள். பாதிப் பேர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள். ஸ்ட்ரட் மெலிதாக இருந்தால் உள்ளே பித்தளைக் கம்பி சொருகலாம். பெயிண்ட் அடித்த இடத்தைச் சுரண்டாமல் ஒட்டினாலும் பிடிக்காது.

நீர்க்காகம்

அண்ணா, சூப்பர் குளூ என்று நான் எழுதவே இல்லை. சாதாரண பிளாஸ்டிக் பசைதான். கவிழ்த்து வைத்தது தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டபல்ட்

நான் கட்டியது கப்பல். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் போர்க்கப்பல் பிஸ்மார்க், 1/350. அதோடு வரும் ஆராடோ மூன்றரை செ.மீ. அகலம்தான். கப்பலில் நாலு விமானம் இருந்தன. மூன்றை இறக்கை மடித்து விமானக் கொட்டகைக்குள் வைத்தேன். நாலாவதை, விமானத்தைக் கப்பலிலிருந்து வீசி ஏவும் கேட்டபல்ட் மேல் ஒட்டினேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். 1941 மே 27, கப்பல் மூழ்கிய நாளின் விடியற்காலை, கப்பலின் போர் நாட்குறிப்பைக் கரை சேர்க்க ஒரு ஆராடோவைத் தயார் செய்தார்கள். கேட்டபல்ட்டை இயக்கும் அழுத்தக் காற்று வரவில்லை. மூன்று நாள் முன்பு நடந்த சண்டையிலேயே குழாய் உடைந்திருந்தது. ஏவப் போகும்போதுதான் தெரிந்தது. பெட்ரோல் நிரப்பிய விமானம் மேல்தளத்தில் இருந்தால் தீப்பிடிக்கும் என்று கடலில் தள்ளிவிட்டார்கள்.

ஒட்டி முடித்த அன்று என் அக்கா மகன், எட்டு வயது, இதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, "அப்போ மாமா, வீட்டுக்குப் போட்ட லெட்டரெல்லாம்?" என்றான். நான் நாட்குறிப்பைப் பற்றி மட்டும்தான் சொல்லியிருந்தேன். அந்தக் கப்பலில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் 115 பேரைத்தான் உயிரோடு மீட்டார்கள். நான் இரண்டு வருடம் பீரங்கிகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன். அன்றிலிருந்து கேட்டபல்ட்டில் விமானம் இருப்பது சரியா, காலியாக விடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

ரிவெட்

கேட்டபல்ட் நண்பருக்கு: விமானத்தை எடுக்காதீர்கள். உங்கள் கப்பலுக்கு எந்த வண்ணம்? பால்டிக் கடலில் இருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளோடு என்றால் அது மே மாதம் கோட்டன்ஹாஃபென் துறைமுகத்திலிருந்து (இன்றைய போலந்தின் கிடினியா) கிளம்பிய நாட்களின் கப்பல். அப்போது கேட்டபல்ட் நன்றாகத்தான் இருந்தது. கடைசி நாளைக் காட்ட வேண்டுமென்றால் கேட்டபல்ட்டை மட்டும் காலி செய்தால் போதாது, குண்டடி எல்லாம் காட்ட வேண்டும். ஒரு மாடல் ஒரு நாளைத்தான் காட்ட முடியும்.

என் அனுபவம்: பல்கேரியாவில் ப்லோவ்டிவ் நகரத்தில் மருத்துவம் படித்தேன். பக்கத்தில் க்ரூமோவோவில் விமான அருங்காட்சியகம். அங்கே ஒரு நிஜ ஆராடோ 196 இருக்கிறது. போரின்போது பல்கேரியர்கள் கருங்கடலில் ஓட்டியவற்றில் மிஞ்சியது. அவர்கள் வைத்த பெயர் 'அகுலா', அதாவது சுறா. படிக்கும் காலத்தில் விடுதி அறையில் 1/72 கட்டிக்கொண்டு இருந்தேன், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கையில் 17 செ.மீ. பிடித்துப் பழகியவனுக்கு அந்த மிதவைக்குப் பக்கத்தில் நின்றபோது மூச்சு ஒரு நொடி நின்றது. ஒவ்வொரு மிதவையும் ஒரு படகு. எரிபொருள் டாங்க் அதற்குள்தான் என்று படித்திருந்தேன், அன்றுதான் நம்பினேன். ஆணித்தலைகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தகடு சேரும் கோடு இருக்குமிடமே தேட வேண்டியிருந்தது. விடுதிக்கு வந்து என் மாடலைப் பார்த்தால், நான் ஆசை ஆசையாகக் கறுப்பு வாஷ் (கோடுகளில் ஓடவிடும் நீர்த்த பெயிண்ட்) ஊற்றி நிரப்பிய கோடுகள் எல்லாம் நிஜ அளவில் விரல் நுழையும் வாய்க்கால்கள். அன்று ராத்திரியே கழுவிவிட்டேன். அதிலிருந்து கறுப்பு வாஷ் தொட்டதில்லை.

பச்சை_73

வாஷே வேண்டாம் என்பதை ஏற்க முடியாது. சின்ன அளவில் நிழல் தானாக விழாது, நாம்தான் போட வேண்டும். கறுப்புக்குப் பதில் கரும்பழுப்பைப் பாதி நீர்க்கச் செய்து போட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தை

எல்லாரும் இரண்டாம் போர். என்னுடையது முதலாம் போர், பரவாயில்லைதானே? வணிகக் கப்பல்களை வேட்டையாடிய ஜெர்மன் கப்பல் 'வோல்ஃப்'. அதன் குட்டி விமானம் 'வோல்ஃப்ஷென்'. ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபென் எஃப்எஃப் 33. கிட் கிடைக்கவில்லை, வரைபடம் வைத்துப் பிளாஸ்டிக் தகட்டில் 1/48 கட்டினேன். இரட்டை இறக்கை, 35 செ.மீ. அகலம். இறக்கைகளுக்கு நடுவே உள்ள இழுகம்பிகளுக்கு எலாஸ்டிக் நூல். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் தளரும், அதைச் செய்தவர்களுக்கு விளங்கும்.

1917 ஜூன் 2இல் நியூசிலாந்துக்கு வடகிழக்கே கெர்மடெக் தீவுப் பக்கம் 'வைருனா' என்ற கப்பலுக்கு மேலே பறந்து, நில் என்று எழுதிய செய்தியைப் போட்டு, முன்னால் ஒரு குண்டும் போட்டுப் பிடித்துக் கொடுத்த விமானம் இது. நான் அதற்காகத்தான் கட்டத் தொடங்கினேன்.

கடைசிக் கம்பி கட்டும்போது மச்சான் வந்தார். கடலுக்கடியில் நீச்சல் அடிக்கிறவர். "இது எந்தக் கப்பல்ட?" என்று கேட்டார். வோல்ஃப் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் போட்ட கண்ணிவெடியில தாண்ட பேர்சியஸ் கப்பலுக்குத்தான் நான் போன மாதம் இறங்கினனான்" என்றார். 1917 பெப்ரவரியில் வோல்ஃப் கொழும்புக்கு வெளியே கண்ணி விதைத்ததும், வூஸ்டர்ஷயர், பேர்சியஸ் என்ற இரண்டு கப்பல் அதே மாதம் மூழ்கியதும் நான் படித்ததுதான். கண்ணி போட்டது கப்பல், விமானமல்ல. அதுவும் தெரியும். ஆனாலும் ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கடல் அது. நூலின் நுனி என் கையில் இருந்தது, முடிச்சுப் போட மறந்துவிட்டேன். அந்த ஒரு கம்பி இன்றைக்கும் கட்டவில்லை.

கேட்டபல்ட்

வெள்ளவத்தை நண்பரே, அந்தக் கம்பியை அப்படியே விடுங்கள்.

ரிவெட், என் கப்பலுக்குப் பட்டைகள் உண்டு. சரி, விமானம் அங்கேயே இருக்கட்டும். அக்கா மகனிடம், இது கிளம்பிய நாள் என்று சொல்கிறேன்.

நீர்க்காகம்

ரிவெட் எழுதியதைப் படித்துவிட்டு என் மிதவையின் கோடுகளைப் பார்த்தேன். வாஷ் இன்னும் போடவில்லை. பச்சை_73 அண்ணா சொன்ன கரும்பழுப்பை மிதவையின் அடிப்பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் போட்டுப் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை படம் போடுகிறேன்.